போகிறேனா, போயிட்டு வரேனா? லாக் அவுட் செய்த பின்னும் ஓடும் வேலைகளின் வரலாறு

தமிழ் வீடுகளில் வாசலைத் தாண்டும்போது யாரும் "போகிறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். மயிலாப்பூர் மாடவீதி வீடுகளில் ஒரு பிள்ளை தப்பித் தவறி "நான் போறேன்" என்று சொல்லிவிட்டால், பாட்டி கூப்பிட்டுத் திருத்திவிட்டுத்தான் அனுப்புவார். திரும்பி வருவதற்காகப் போவது வேறு, ஒரேயடியாகப் போவது வேறு.

கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு லினக்ஸ் சர்வரில் ஒருவர் வேலை செய்துவிட்டு லாக் அவுட் செய்கிறார். அவர் தொடங்கிய சில புரோகிராம்கள் அவர் போன பிறகும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை அவர் மறந்து விட்டுப்போன குப்பையா? அல்லது "ராத்திரி முழுக்க ஓடட்டும், காலையில் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று வேண்டுமென்றே விட்டுப்போன கணக்கா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒன்றை அழிக்க வேண்டும், மற்றொன்றைக் காக்க வேண்டும்.

சிறியதாகத் தெரியும் இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

கார்டுக் கட்டுகளின் காலம்

1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கணினி வந்தது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்த இந்த இயந்திரம், அன்று இந்தியாவிலிருந்த மிகப் பெரிய கணினிகளில் ஒன்று. ஐ.ஐ.டி. மாணவர்கள் மட்டுமல்ல, வெளி நிறுவனங்களின் ஆராய்ச்சியாளர்களும் அதைத் தேடி அடையாறு பக்கம் வந்தார்கள்.

அன்று கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது என்றால் அதன் முன்னால் உட்காருவது அல்ல. புரோகிராமை ஒரு வரிக்கு ஒரு கார்டு என்ற கணக்கில் துளையிட்ட அட்டைகளில் பதிய வேண்டும். ஒரு கார்டில் 80 எழுத்துகள். கார்டுக் கட்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். ஆபரேட்டர் அதை வரிசையில் சேர்ப்பார். பிறகு வந்து அச்சடித்த காகிதத்தை வாங்கிக்கொள்ளலாம். கமா ஒன்று விட்டுப்போயிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த முறையில் "ஆள் போன பின்னும் ஓடும் வேலை" என்ற பிரச்சினையே கிடையாது. காரணம், ஆள் இருக்கும்போது எந்த வேலையும் ஓடவில்லை! எல்லா வேலைகளும் ஆள் போன பிறகுதான் ஓடின. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்பதை முதல் கார்டிலேயே எழுதிவிடலாம். அந்த நேரம் தாண்டினால் இயந்திரம் வேலையை நிறுத்திவிடும். யாருக்கும் சந்தேகமில்லை.

மனிதன் இயந்திரத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தபோதுதான், அவன் எழுந்து போவதும் ஒரு பிரச்சினையானது.

நேரத்தைப் பங்கு போட்டபோது

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய குழுவினரும் 1961 நவம்பரில் சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப் பங்கீட்டு அமைப்பைச் செய்துகாட்டினார்கள். ஒரே கணினியில் பலர் ஒரே நேரத்தில் தட்டச்சு டெர்மினல்கள் மூலம் வேலை செய்யலாம். கணினி ஒவ்வொருவருக்கும் நொடியின் சிறு துண்டுகளாக நேரத்தைப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொருவருக்கும் கணினி முழுவதும் தனக்கே சொந்தம் என்று தோன்றும்.

அந்த நேரம் விலைமதிப்புள்ளது என்பதைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குக் கொடுத்திருந்த நேரம் அவருடைய ஆய்வுக்குப் போதவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? எல்லாருடைய பாஸ்வேர்டுகளும் இருந்த கோப்பை ஒரு கார்டு மூலம் அச்சடித்து எடுத்துக்கொண்டு, மற்றவர்களின் கணக்கில் நுழைந்து வேலை பார்த்தார். கணினி வரலாற்றில் பதிவான முதல் பாஸ்வேர்டு திருட்டுகளில் இது ஒன்று. திருடப்பட்டது பணமல்ல, நேரம்.

இதே சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் இன்னொரு வசதியும் இருந்தது. டெர்மினலில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வேலையைப் பின்னணியில் ஓடும்படி ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இதற்கு எஃப்.ஐ.பி. என்று பெயர். ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அதாவது, "இந்த வேலை நான் போன பின்னும் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் தொடக்கத்திலேயே இருந்தது. பின்னால் வந்த அமைப்புகள் அதை மறந்ததால்தான் பல சிக்கல்கள் வந்தன.

தொலைபேசியை வைத்துவிட்டால்

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். பெல் ஆய்வகம் தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வகம். பல டெர்மினல்கள் தொலைபேசி இணைப்பு வழியாகவே கணினியோடு பேசின. பயனர் ரிசீவரை வைத்துவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். அப்போது கணினி அந்த டெர்மினலில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். அதன் பெயர் சிக்ஹப். 'ஹேங் அப்', அதாவது போனை வைத்துவிட்டார் என்று பொருள். இந்தச் சமிக்ஞை வந்தால் புரோகிராம் வழக்கமாக முடிந்துவிடும்.

ஆக, யூனிக்ஸின் இயல்பான விதி "ஆள் போனால் வேலையும் போகும்" என்பதே. வேலை தொடர வேண்டுமென்றால் நோஹப் என்ற கட்டளையை முன்னால் சேர்த்துத் தொடங்க வேண்டும். சிக்ஹப் வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று அது சொல்லிவைக்கும்.

பிறகு வழிகள் பெருகின. 1980-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4 பி.எஸ்.டி. யூனிக்ஸில் வேலைகளை முன்னணிக்கும் பின்னணிக்கும் மாற்றும் வசதி பரவியது. டெர்மினலிலிருந்து முற்றிலும் விடுபட்டு, தனக்கென்று புதிய செஷனைத் தொடங்கிக்கொள்ளும் வழியும் யூனிக்ஸில் வந்தது. 1987-இல் ஜெர்மனியில் ஆலிவர் லாவ்மன், கார்ஸ்டன் போர்மன் இருவரும் ஸ்கிரீன் என்ற புரோகிராமை எழுதினார்கள். டெர்மினலையே விட்டுவிட்டுப் போய், மறுநாள் வேறொரு இடத்திலிருந்து அதே இடத்தில் தொடரலாம். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். யூனிக்ஸிலும் லினக்ஸிலும் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு பிராசஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு தாய். தாய் பிராசஸ் முதலில் முடிந்துவிட்டால் குழந்தை அநாதையாகிறது. அதை வழக்கமாக 1-ஆம் எண் பிராசஸ் தத்தெடுத்துக்கொள்ளும். அநாதை உயிரோடு ஓடும், நினைவகத்தையும் பிராசஸர் நேரத்தையும் சாப்பிடும். ஜோம்பி என்பது வேறு. அது ஏற்கெனவே செத்துப்போனது, பட்டியலில் பெயர் மட்டும் நீக்கப்படாமல் இருப்பது. ரேஷன் கார்டில் இறந்தவர் பெயர் இருப்பது போல. லாக் அவுட்டுக்குப் பின் தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் உயிருள்ள அநாதைகளே.

வங்கிக் கவுன்ட்டரில் யூனிக்ஸ்

1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. 1984-இல் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு, வங்கிகளைக் கணினிமயமாக்கும் திட்டத்தை முன்வைத்தது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் இந்திய வங்கிக் கிளைகளில் யூனிக்ஸ் பரவியது. உள்ளறையில் ஒரு சர்வர். கவுன்ட்டர்களில் திரையும் விசைப்பலகையும் மட்டுமுள்ள டெர்மினல்கள். இடையில் சீரியல் கேபிள்கள்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு டே எண்ட் என்ற சொல் தெரியும். அன்றைய கணக்கை அன்றே முடித்து, பேரேட்டைச் சரிபார்த்து, மறுநாளுக்குத் தேதியை மாற்றும் வேலை. இதைச் செய்ய வேண்டுமென்றால் எல்லாப் பயனர்களும் வெளியேறியிருக்க வேண்டும். யாரோ ஒருவருடைய பிராசஸ் ஒரு கணக்கைத் திறந்து பூட்டி வைத்திருந்தால் டே எண்ட் நகராது.

இங்கேதான் தொலைபேசிக் காலத்து விதி காலை வாரிவிட்டது. சிக்ஹப் வர வேண்டுமென்றால், இணைப்பு அறுந்தது என்பது சர்வருக்குத் தெரிய வேண்டும். சீரியல் கேபிளில் அதற்கென்றே ஒரு தனிக் கம்பி உண்டு. ஆனால் செலவைக் குறைக்க மூன்றே கம்பிகளில் இணைப்புக் கொடுப்பது வழக்கம்: அனுப்ப ஒன்று, பெற ஒன்று, பொதுவாக ஒன்று. அப்படிக் கொடுத்த இடத்தில் டெர்மினலின் சுவிட்சை அணைத்தாலும் சர்வருக்கு ஒன்றும் தெரியாது. ஆள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்றே அது நம்பிக்கொண்டிருக்கும். அவசரத்தில் லாக் அவுட் செய்யாமல் சுவிட்சை அணைத்துவிட்டு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடிய ஒருவரால், மற்ற எல்லோரும் காத்திருக்க நேரும். பிறகு யாராவது சர்வர் அறைக்குப் போய், பிராசஸ் பட்டியலை எடுத்து, அந்த எண்ணைக் கண்டுபிடித்து, கில் கட்டளை கொடுக்க வேண்டும்.

கம்பியில் மிச்சம் பிடித்த சில ரூபாய், மனித நேரமாகச் செலவானது. வணிகவியலில் மறைமுகச் செலவு என்பது இதுதான்.

சென்னையில் லினக்ஸ்

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். 1990-களின் இறுதியில் அது சென்னையிலும் வேரூன்றியது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. அதன் மாதாந்திரக் கூட்டங்கள் ஐ.ஐ.டி. வளாகத்தில், கஜேந்திரா சர்க்கிள் அருகிலுள்ள விமானப் பொறியியல் துறையின் வகுப்பறையில் நெடுங்காலம் நடந்தன. கார்டுக் கட்டுகளோடு மாணவர்கள் அலைந்த அதே வளாகம்!

1999-இல் அமெரிக்காவின் ஜிம் மெக்குவில்லன் எல்.டி.எஸ்.பி. என்ற லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டத்தை வெளியிட்டார். ஹார்ட் டிஸ்க் இல்லாத பழைய கணினிகளை ஒரு சர்வரோடு இணைத்துவிட்டால் போதும். அவை நெட்வொர்க் வழியாகவே உயிர்பெறும். எல்லாப் புரோகிராம்களும் சர்வரில் ஓடும், படம் மட்டும் எதிரிலுள்ள திரையில் தெரியும். ஒரு நல்ல சர்வர் வாங்கினால், தூக்கிப்போட வேண்டிய முப்பது கணினிகள் ஒரு பாடசாலை லேப் ஆகிவிடும்.

இந்த யோசனைக்குச் சென்னையிலேயே ஒரு தொழில் முயற்சி பிறந்தது. ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, தொழில்முனைவோர் ராஜேஷ் ஜெயின், அனலாக் டிவைசஸ் நிறுவனர்களில் ஒருவரான ரே ஸ்டாட்டா ஆகியோர் சேர்ந்து நோவாட்டியம் என்ற நிறுவனத்தை 2000-களின் முதல் பாதியில் உருவாக்கினார்கள். அதன் நோவா நெட்பிசி ஒரு சிறிய பெட்டி. உள்ளே ஹார்ட் டிஸ்க் கிடையாது. வேலை எல்லாம் தொலைவிலுள்ள சர்வரில். கேபிள் டி.வி.க்குக் கட்டுவது போல மாதச் சந்தா கட்டினால் வீட்டில் கம்ப்யூட்டர் என்பது அதன் அடிப்படை எண்ணம்.

அரசுத் தரப்பிலும் மாற்றம் வந்தது. தி.நகரை ஒட்டிய நந்தனத்தில், அண்ணா சாலையில் இருக்கும் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது 2007 வாக்கில் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிகளைக் கொண்டுசென்றது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் பாஸ் லினக்ஸை உருவாக்கியது. லைசென்ஸ் செலவு இல்லாமல் எளியவர்களுக்கும் கணினி என்பதே இந்த முயற்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கனவு.

ஆனால் பகிர்ந்துகொள்ளும் இடம் எதுவாக இருந்தாலும், ஒருவர் விட்டுப்போனதை இன்னொருவர் சுமக்க நேரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லேபில் 30 டெர்மினல்கள், 4 ஜிபி நினைவகமுள்ள ஒரு சர்வர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாணவரும் லாக் அவுட் செய்த பின் 40 எம்பி அளவுக்குப் பிராசஸ்கள் மிச்சமிருந்தால், ஒரு வகுப்பு முடியும்போது 1200 எம்பி. ஒரு நாளில் மூன்று வகுப்புகள் வந்துபோனால் 3600 எம்பி. மாலையில் வரும் நான்காவது வகுப்புக்கு என்ன மிஞ்சும்? காலை வகுப்பில் வேகமாக இருந்த அதே லேப், மாலை வகுப்பில் ஆமை போல நகரும். குற்றம் மாலை வகுப்பினருடையது அல்ல.

ஏன் மிச்சமாகின்றன?

திரையில் ஜன்னலாகத் தெரியும் புரோகிராம்கள் பெரும்பாலும் லாக் அவுட்டோடு முடிந்துவிடும். திரையோடு உள்ள இணைப்பு அறுந்ததும் அவை தாமாகவே வெளியேறும். பிரச்சினை திரையில் தெரியாதவற்றால் வருவது. 2000-களின் க்னோம் டெஸ்க்டாப்பில், அமைப்புகளைச் சேமித்து வைப்பதற்கு ஒன்று, கோப்பு மாற்றங்களைக் கவனிப்பதற்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று பல உதவிப் பிராசஸ்கள் பின்னால் ஓடும். அவை திரையைச் சார்ந்தவை அல்ல. எஜமானர் போனது தெரியாமல் காத்துக்கொண்டிருக்கும்.

சில நேரம் பயர்பாக்ஸ் போன்ற பெரிய புரோகிராமே மூடிக்கொள்ளத் தெரியாமல் தொங்கும். மாணவர் மறுநாள் வேறொரு டெர்மினலில் உட்கார்ந்து பயர்பாக்ஸைத் திறந்தால், "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லி அது திறக்க மறுக்கும். திரையில் ஒன்றுமே இல்லை, ஆனால் ஓடுகிறதாம்! பேய் பிடித்ததோ என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது நேற்றைய அநாதை.

இதோடு மின்வெட்டும் சேர்ந்தது. 2012-இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்தது. மற்ற மாவட்டங்களில் அதைவிட மிக அதிகம். சர்வருக்கு யு.பி.எஸ். இருக்கும், டெர்மினல்களுக்கு இருக்காது. கரண்ட் போன நொடியில் முப்பது டெர்மினல்களும் அணைந்துவிடும். யாரும் லாக் அவுட் செய்யவில்லை. நெட்வொர்க் இணைப்பில் "போகிறேன்" என்று சொல்ல அவற்றுக்கு நேரமும் இல்லை. சர்வர் எதையாவது அனுப்ப முயன்றால், பதில் வராமல் சுமார் கால் மணி நேரத்தில் கைவிடும். எதையும் அனுப்பாமல் சும்மா காத்திருந்தால், எதிரில் ஆள் இருக்கிறாரா என்று லினக்ஸ் விசாரிக்க எடுத்துக்கொள்ளும் வழக்கமான நேரம் 7200 நொடிகள். அதாவது இரண்டு மணி நேரம். அதுவும் புரோகிராம் அப்படி விசாரிக்கச் சொல்லியிருந்தால் மட்டும். மூன்று கம்பிக் கேபிளின் கதை இன்னொரு உருவத்தில் திரும்ப வந்தது.

நினைவகம் முற்றிலும் தீர்ந்துபோனால் லினக்ஸ் கடைசி ஆயுதத்தை எடுக்கும். அதிக நினைவகத்தைப் பிடித்திருக்கும் பிராசஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். பல சிறிய அநாதைகள் தப்பிவிடும். அப்போதுதான் பெரிய கோப்பைத் திறந்து, சேமிக்காமல் புராஜெக்ட் ரிப்போர்ட் தட்டிக்கொண்டிருக்கும் மாணவருடையது போகலாம். இடத்தை அடைத்தவர் ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு.

இரவில் வரும் துடைப்பம்

இதற்கு லேப் நிர்வாகிகள் கண்ட வழி, துப்புரவு ஸ்கிரிப்ட். இரவில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அது ஓடும். இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்கும். பட்டியலில் இல்லாதவருக்குச் சொந்தமான பிராசஸ்கள் இருந்தால் அவற்றை முடித்துவிடும். வேறு சிலர், லாக் அவுட் ஆகும் அதே நொடியில் ஓடும்படி அந்தக் கட்டளையை லாகின் திரையின் அமைப்பிலேயே எழுதி வைத்தார்கள்.

கேட்க எளிது. எழுதிப் பார்த்தால்தான் பள்ளங்கள் தெரியும்.

முதலாவது, சர்வரிலேயே பல சேவைகள் மனிதரல்லாத கணக்குகளில் ஓடுகின்றன. அச்சு, மெயில், டேட்டாபேஸ் ஆகியவை யாரும் லாகின் செய்யாத கணக்குகள். அவற்றை விலக்காவிட்டால் துடைப்பம் வீட்டையே பெருக்கித் தள்ளிவிடும். அதனால் பயனர் எண் 500-க்கு அல்லது 1000-க்கு மேல் உள்ளவர்களை மட்டும் பார்க்க வேண்டும். எது என்பது லினக்ஸ் வகையைப் பொறுத்தது.

இரண்டாவது, ஒரே மாணவர் இரண்டு டெர்மினல்களில் உள்ளே இருக்கலாம். ஒன்றில் லாக் அவுட் செய்தவுடன் அவருடைய எல்லாவற்றையும் கொன்றால் மற்றொன்றும் அணைந்துவிடும்.

மூன்றாவது, கொல்வதிலும் ஒரு மரியாதை உண்டு. முதலில் 15-ஆம் எண் சமிக்ஞை. "முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது. புரோகிராம் கோப்பைச் சேமித்து மூட அவகாசம் கிடைக்கும். சில நொடிகள் பொறுத்து, அப்படியும் போகாதவற்றுக்கு மட்டும் 9-ஆம் எண். அதற்கு மறுப்பு கிடையாது. ஆனால் நெட்வொர்க்கிலுள்ள ஒரு டிஸ்க்குக்காக உள்ளே மாட்டிக்கொண்டு காத்திருக்கும் பிராசஸ்கள் சில நேரம் அந்த 9-க்கும் அசையாது.

நான்காவது பள்ளம்தான் ஆழமானது. இரவு முழுக்க ஓட வேண்டும் என்று நோஹப் போட்டு, ஸ்கிரீனில் விட்டுச்சென்ற ஆராய்ச்சி மாணவரின் கணக்கையும் துடைப்பம் பெருக்கிவிடும். மூன்று நாள் ஓடிய கணக்கு, காலையில் வந்து பார்த்தால் இல்லை. ஸ்கிரிப்ட்டின் பார்வையில் அதுவும் உரிமையாளர் இல்லாத பிராசஸ்தான்.

2016-இல் வந்த சண்டை

யாருடைய பிராசஸ் எந்த லாகினிலிருந்து பிறந்தது என்பதை உறுதியாகச் சொல்லும் வழி நெடுநாள் இல்லை. தாயைவிட்டுப் பிரிந்த பிராசஸின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜ், ரோஹித் சேத் ஆகியோர் 2006-இல் தொடங்கிய வேலையின் பயனாக, 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24-இல் சி-குரூப் என்ற வசதி சேர்ந்தது. பிராசஸ்களை ஒரு குழுவில் போட்டுவிட்டால், அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே குழுவில்தான் பிறக்கும். எத்தனை முறை தாயை மாற்றினாலும் குழு மாறாது.

2010-இல் லெனார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் தொடங்கிய சிஸ்டம்டி இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு குழு. லாக் அவுட் ஆனதும் அந்தக் குழுவில் என்ன மிச்சமிருக்கிறது என்பது இப்போது தெளிவாகத் தெரியும். அவற்றைக் கொல்வதா வேண்டாமா என்று நிர்வாகி ஒரே வரியில் எழுதி வைக்கலாம். அந்த வரியின் பெயர் கில்யூசர்பிராசஸஸ்.

2016 மே மாதம் சிஸ்டம்டி 230-ஆம் பதிப்பில், "கொல்" என்பதே இயல்பான அமைப்பாக மாற்றப்பட்டது. உடனே உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. முப்பதாண்டுகளாக ஸ்கிரீனை நம்பியவர்கள், நோஹப் போட்டால் வேலை நிற்காது என்று கற்றவர்கள், எல்லோரும் கோபப்பட்டார்கள். "போயிட்டு வரேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டோமே, இன்னும் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம். மறுபக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பலர் பகிரும் சர்வரில், வெளியேறியவர் அனுமதியில்லாமல் எதையும் ஓடவிட்டுப் போகக் கூடாது என்பது நிர்வாகிகளின் வாதம். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் தங்கள் பதிப்புகளில் அந்த மாற்றத்தைத் திருப்பிப் போட்டன.

இந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு நல்ல தீர்வும் இருந்தது. அதன் பெயர் லிங்கர். தங்கியிருத்தல் என்று பொருள். ஒரு பயனருக்கு லிங்கர் அனுமதி இருந்தால், அவர் வெளியேறிய பின்னும் அவருக்கென்று ஒரு இடம் சர்வரில் இருக்கும். வேலையை அந்த இடத்தில் தொடங்கினால் அது நிற்காது. மற்றவை எல்லாம் குப்பை என்று துணிந்து பெருக்கலாம். யார் வேலையை விட்டுப்போகிறார், யார் குப்பையை விட்டுப்போகிறார் என்று கம்ப்யூட்டர் ஊகிக்க வேண்டியதில்லை. பயனரே சொல்லிவிடுகிறார். 1960-களில் எம்.ஐ.டி.யில் இருந்த எஃப்.ஐ.பி. முறைக்கே கிட்டத்தட்டத் திரும்பி வந்தாயிற்று.

பள்ளி லேப்களில் வேறொரு மாற்றமும் வந்தது. 2019-இல் கிரேக்கத்தைச் சேர்ந்த அல்கிஸ் ஜார்ஜோபௌலோஸ் எல்.டி.எஸ்.பி.யைப் புதிதாக எழுதினார். இதில் புரோகிராம்கள் பெரும்பாலும் எதிரிலுள்ள கணினியிலேயே ஓடுகின்றன. சுவிட்சை அணைத்தால் எல்லாமே போய்விடும், சர்வரில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஆராய்ச்சிக் கூடங்களின் பெரிய கிளஸ்டர்களிலோ, வேலையை வரிசையில் ஒப்படைத்துவிட்டு, எவ்வளவு நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நேரம் முடிந்தால் வேலை நிறுத்தப்பட்டு இடம் சுத்தம் செய்யப்படும். 1973-இன் முதல் கார்டு வேறு வடிவத்தில் அங்கே இன்னும் வாழ்கிறது.

முடிவுரை

இந்த வரலாற்றைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. தொலைபேசியை வைத்தால், சுவிட்சை அணைத்தால், கரண்ட் போனால், லாக் அவுட் பட்டனை அழுத்தினால் என்று, ஆள் போனதை அறிய ஒவ்வொரு காலமும் ஒரு அடையாளத்தை நம்பியது. ஒவ்வொன்றும் ஒருநாள் பொய்த்தது. காரணம், ஆள் போனாரா என்பதல்ல கேள்வி. என்ன எண்ணத்தோடு போனார் என்பதே கேள்வி. அதை எந்தக் கம்பியும் சொல்லாது.

அதனால் ஒரு பொது லேபுக்கு நல்ல துப்புரவு விதி, எல்லாவற்றையும் கொல்வதும் அல்ல, எல்லாவற்றையும் விட்டுவைப்பதும் அல்ல. சொல்லிவிட்டுப் போக ஒரு வழியை முதலில் ஏற்படுத்த வேண்டும். அது என்ன வழி என்பதைப் பயனர்கள் எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகு, சொல்லாமல் விட்டுப்போனதைப் பெருக்கலாம். காலையில் மூன்று நாள் கணக்கை இழந்த ஆராய்ச்சி மாணவருக்கும், மாலையில் நகராத திரையின் முன் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கும் ஒரே நேரத்தில் நியாயம் செய்ய வேறு வழியில்லை.

பாட்டிகள் சொல்வது சரிதான். வாசலைத் தாண்டும் முன் "போயிட்டு வரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.